ஆய்வாளர் வருகிறார், சோப்பு வாங்குங்கள்!

முதியோர் இல்லம் தொடங்கி ஆறு மாதம் ஆகிறது, ஆய்வுக்கு எப்போது ஆள் வருவார்களோ என்று கையைப் பிசைந்துகொண்டிருக்கும் நிர்வாகி அவர்களே, கவலையை விடுங்கள். இதோ சில யோசனைகள்.

வாஷ்பேசினில் புதுச் சோப்பு வையுங்கள். உறையைப் பிரித்துவிடாதீர்கள், பிரித்தால் யாராவது கை கழுவிவிடுவார்கள். வாசலில் சானிடைசர் புட்டி அவசியம். தீர்ந்தால் தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம். ஆல்கஹால் 60 சதவீதமாவது இருந்தால்தான் கிருமி சாகும் என்பது உண்மைதான், ஆனால் ஆய்வாளர் முகர்ந்தா பார்க்கப்போகிறார்? நோரோவைரஸ் வயிற்றுப்போக்கு சானிடைசருக்கு மசியாது, சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் வேண்டும் என்பதை ஆயாம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். மோட்டார் போடச் சொல்லி உயிரை எடுப்பார்.

ஒரு ஜோடி கையுறையை முதல் கட்டிலில் மாட்டினால் பன்னிரண்டாவது கட்டிலில் கழற்றினால் போதும். போட்டிருப்பவர் கை சுத்தமாக இருக்கும். தாத்தாக்களைப் பற்றி யார் கேட்டார்கள்?

அடுத்தது சிரங்கு. இதில்தான் உங்கள் நிர்வாகத் திறமையே தெரியும். ஒரு பாட்டி ராத்திரியெல்லாம் சொறிகிறார் என்றால், “வயசானா தோல் வறண்டுதான் போகும் பாட்டி” என்று தேங்காய் எண்ணெய் கொடுங்கள். முதல் தடவை தொற்றியவருக்கு அரிப்பு தொடங்கவே நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதற்குள் பக்கத்துக் கட்டில், துடைத்துவிடும் ஆயாம்மா, ஆயாம்மா வீட்டுப் பிள்ளைகள் என்று பூச்சி நிதானமாகக் குடியேறிவிடும். டாக்டர் வந்தால் கூடத்தில் இருக்கும் எல்லோருக்கும், வேலைசெய்பவர்களுக்கும் ஒரே நாளில் பெர்மெத்ரின் களிம்பு பூசுங்கள், அன்றே போர்வை, தலையணை உறையெல்லாம் வெந்நீரில் துவையுங்கள், ஒரு வாரம் கழித்து மறுபடி பூசுங்கள் என்பார். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போவார். நீங்கள் சொறிகிற பாட்டிக்கு மட்டும் பூசுங்கள். மாதாமாதம் பூசிக்கொண்டே இருக்கலாம்.

நேற்றுவரை பேரன் பெயரைச் சரியாகச் சொன்ன தாத்தா இன்று காலையில் உளறுகிறாரா? வயதானவர்களுக்குச் சிறுநீர்த் தொற்றும் நிமோனியாவும் சில சமயம் காய்ச்சலே இல்லாமல் இப்படித்தான் ஆரம்பிக்கும். பதிவேட்டில் “ஓய்வில் இருக்கிறார்” என்று எழுதுங்கள். கையெழுத்து அழகாக இருக்கட்டும்.

இனி ஆபத்துக் காலம். தீயணைப்பு சிலிண்டரைப் பூந்தொட்டிக்குப் பின்னால் வைத்தால் சுவர் பார்க்க நன்றாக இருக்கும். ஜெனரேட்டரைக் காட்டினால் போதும், டீசல் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. (அமெரிக்காவில் கேட்கிறார்கள். 2017-இல் இர்மா புயலின்போது புளோரிடாவில் ஒரு முதியோர் இல்லத்தில் ஏசி நின்றுபோய், வெக்கையில் 12 பேர் இறந்தார்கள். மருத்துவமனை பக்கத்திலேயே இருந்தது. அதற்குப் பிறகுதான் அங்கே சட்டம் வந்தது.) தீ ஒத்திகை என்றால் நடக்க முடிந்த நாலு பேரை வாசலில் நிறுத்திப் போட்டோ எடுங்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் போர்வையோடு தரையில் இழுத்து வெளியே கொண்டுபோகும் முறை ஒன்று உண்டு. இரவு ஒற்றை ஆளாக இருக்கும் ஆயாம்மா அதைப் பழகிக்கொள்வது நல்லதுதான். ஆனால் போட்டோவில் எடுப்பாக இருக்காதே.

கடைசியாக, பூட்டு. ராத்திரி ஒன்பது மணிக்கு மாடிக் கதவு, வராந்தா கிரில், வெளி கேட் மூன்றையும் பூட்டிச் சாவியை வாட்ச்மேனிடம் கொடுங்கள். வாட்ச்மேன் டீ குடிக்கப் போவார்.

இந்த இடத்தில் எனக்கு விளையாட்டு வரவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியுமுன் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தது. 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டிவைத்திருந்ததால் ஓட முடியவில்லை. கட்டிவைத்தவர்களைக் கேட்டால் பாதுகாப்புக்காக என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

அம்மாவையோ அப்பாவையோ இல்லத்தில் விட்டிருப்பவர்களே, ஞாயிற்றுக்கிழமை பகலில் ஆப்பிளோடு போனது போதும். ஒருநாள் ராத்திரி ஒன்பதரைக்குப் போங்கள். கேட்டைத் திறக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள்.