ஏழாவது கட்டத்துத் திண்ணை

எங்கள் ஃபிளாட் வாசலில் செருப்புகள் கிடக்கிற அழகைப் பார்த்தால், உள்ளே ஏதோ நிச்சயதார்த்தம் நடக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். இருப்பது நாலே பேர். ஒரு செருப்பு அலமாரி செய்துவிடுவது என்று முடிவானது. மூன்று ராத்திரி கண்விழித்துக் கணினியில் படம் போட்டேன். தேக்கு நிறம், நிழல், மேலே மணிபிளான்ட் தொட்டி. என் மனைவி பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. கதவைத் திறந்தா இடிக்குமே?" என்றாள். இடிக்கும். ஆனால் மூன்று ராத்திரிப் படத்தைக் கைவிட மனசு வரவில்லை. கதவையே இடம் மாற்றிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

அப்போதுதான் ஆபீஸ் பயிற்சியில் சொல்லிக்கொடுத்த 'கிரேஸி எய்ட்ஸ்' ஞாபகம் வந்தது. ஜேக் நாப்பும் நண்பர்களும் எழுதிய 'ஸ்ப்ரின்ட்' (2016) புத்தகத்தில் வருகிற வித்தை. தாளை மூன்று முறை மடித்தால் எட்டுக் கட்டம். கட்டத்துக்கு ஒரு நிமிடம், ஒரு படம். அவ்வளவுதான்.

முதல் கட்டத்தில் கடையில் பார்த்த அலமாரி வந்தது. இரண்டாவதில் மச்சினன் வீட்டு அலமாரி. மூன்றாவதில் அதையே திருப்பிப் போட்டேன். நாலாவதில் சரக்கு தீர்ந்தது. விஷயம் ஆரம்பிப்பதே இங்கேதான். கைவசம் இருந்ததெல்லாம் காலி, கடிகாரமோ விரட்டுகிறது. மூளை வெட்கத்தை விட்டுவிடுகிறது. ஐந்தாவதில் செருப்புகளைக் கொடியில் காயப்போட்டேன். ஆறாவதில் கப்பி கட்டி, கிணற்று வாளி மாதிரி உத்தரத்திலிருந்து இறக்கினேன். ஏழாவது என்னவென்று எனக்கே தெரியாது. எட்டாவதைக் குக்கர் விசில் கலைத்துவிட்டது.

கிறுக்கல்தானே என்று நினைத்துவிடாதீர்கள். நியூயார்க்கை நேசிக்கிறேன் என்று இதயம் போட்ட சின்னம் இருக்கிறதே, அதை வடிவமைப்பாளர் மில்ட்டன் கிளேசர் 1976-இல் டாக்சியில் போகும்போது ஓர் உறையின் மேல் சிவப்பு கிரேயானால் கிறுக்கினார். அதற்கு முன்பே அவர் கொடுத்த வேறொரு வடிவத்தை ஒப்புக்கொண்டுவிட்டார்களாம், மனுஷன் விடவில்லை. அந்த உறை இன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. என் தாள் ரசச் சட்டிக்கு அடியில் இருந்தது.

சட்டியை நகர்த்திய மாமியார், கண்ணாடி போடாமலே ஏழாவது கட்டத்தில் விரலை வைத்தார். "மாப்பிள்ளை, இது திண்ணைதானே? உக்காந்து செருப்பு மாட்டிக்கலாம். என் முழங்காலுக்கு நல்லது."

"ஆமாம் அத்தை, திண்ணையேதான்" என்றேன், கூசாமல்.

கணினிப் படத்தை யாரும் இப்படித் தப்பாகப் பார்த்திருக்க முடியாது. அதில் அலமாரி அலமாரியாகவே இருந்தது. வேறெதுவாகவும் ஆக அதற்கு வழியே இல்லை.

ஆசாரியிடம் இரண்டையும் நீட்டினேன். கணினிப் படத்தைப் பார்த்து, "சூப்பர் சார்" என்று மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். ரசம் பட்ட தாளைக் கண்டதும் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். பிளைவுட் துண்டில் நாலு கோடு: உட்கார ஒன்றரை அடி உயரம், கீழே செருப்புக்கு இரண்டு தட்டு, கதவுப் பக்கம் ஒரு மூலையை வெட்டிவிட்டார். இடிக்காது. ஒரு கோடும் நேராக இல்லை. பக்கத்திலேயே கூலியையும் எழுதினார். அது மட்டும் கல்வெட்டில் பொறித்தாற்போலத் தெளிவாக இருந்தது.