ஊக்கமருந்து மாமா

மயிலாப்பூரில் விடிகாலை முதலில் கண் விழிப்பது பால் பாக்கெட் போடுகிற பையன் அல்ல. ஊக்கமருந்து மாமாவின் கைப்பேசி. மணி நாலே முக்கால். உதிக்கிற சூரியன், அதற்குக் குறுக்கே ஒரு கழுகு, கழுகின் வயிற்றில் மஞ்சள் எழுத்தில் 'பயத்தை உதறு, பற!' என்று ஒரு படம் புறப்படும். நாலு ஐம்பதுக்குள் சம்பந்தி வீடு, பழைய ஆபீஸ் குழு, அடுக்ககக் குழு, ஒன்றுவிட்ட தம்பி எல்லாரும் பயத்தை உதறியாக வேண்டும்.

பெயரை வைத்தவர்கள் நாகேஸ்வர ராவ் பூங்காவில் அவரோடு நடக்கிறவர்கள். ஓட்டப்பந்தய வீரர்கள் ஊக்கமருந்தோடு பிடிபட்டால் தடை போடுவார்கள். மாமாவுக்குத் தடை போட வீட்டில் ஆளில்லை. வாட்ஸ்அப்தான் கொஞ்சம் முயன்றது. வதந்தியை நம்பி ஊருக்கு ஊர் ஆட்களை அடித்துக் கொன்றதைப் பார்த்து, 2018 ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் தள்ளிவிட முடியாது என்று கட்டுப்பாடு கொண்டுவந்தது. மாமா அசரவில்லை. ஐந்து ஐந்தாக அனுப்பினார். விரலுக்கும் பயிற்சிதானே. அதே வருஷத் தொடக்கத்தில், இந்தியக் கைப்பேசிகள் இடமின்றித் திணறுவதற்குக் காலை வணக்கப் படங்களும் ஒரு காரணம் என்று கூகுள்காரர்கள் கண்டுபிடித்து, அவற்றைத் தேடிப் பிடித்து அழிக்கவே தங்கள் செயலியில் ஒரு வசதியைச் செய்தார்கள். அந்த வசதியை மாமாவின் மருமகன் கல்யாணமான மறுமாதமே கற்றுக்கொண்டார்.

கழுகுதான் மாமாவின் குலதெய்வம். நாற்பது வயதில் கழுகு மலையுச்சிக்குப் போய், அலகைப் பாறையில் அடித்து உடைத்து, நகத்தைப் பிடுங்கி, இறகைப் பிய்த்து, புதுப்பிறவி எடுத்து இன்னும் முப்பது வருஷம் வாழ்கிறதாம். இந்தக் கதையை அவர் பதினேழு தடவை அனுப்பியிருக்கிறார். அலகு உடைந்த கழுகு எதைக் கிழித்துத் தின்னும் என்று யாரும் கேட்கவில்லை. காட்டில் கழுகுகள் பெரும்பாலும் முப்பதைத் தாண்டுவதே அபூர்வம். நாற்பதாவது பிறந்தநாளுக்கு மலையேற ஆளே மிஞ்சாது.

சரி, மாமா எப்போது அலகை உடைத்துக்கொண்டார்? முப்பத்து நாலு வருஷம் ஒரே அரசு அலுவலகம், ஒரே மாடி, ஜன்னலோர நாற்காலி. மதுரைக்குப் பதவி உயர்வோடு மாற்றல் வந்தபோது, 'தண்ணி ஒத்துக்காது' என்று எழுதிக்கொடுத்து மறுத்தவர். ஓய்வுப் பணத்தைப் பங்குச்சந்தையில் போடலாமே என்று ஒருவர் சொன்னதற்கு ஒரு வாரம் அவரோடு நடக்கவில்லை. வங்கி திவாலானால் ஒருவருக்கு ஒரு வங்கியில் வட்டியோடு சேர்த்து ஐந்து லட்சம் வரைக்கும்தான் காப்பீடு. 2020 பிப்ரவரிக்கு முன்னால் அதுவும் ஒரு லட்சம்தான். ஆகவே மாமா நாலரை லட்சம், நாலரை லட்சமாக வெவ்வேறு வங்கிகளில் நிரந்தர வைப்பில் பிரித்துப் போட்டிருக்கிறார். மிச்ச ஐம்பதாயிரம் வட்டிக்கு விட்ட இடம். அனுப்புவது 'ரிஸ்க் எடு' என்ற வாசகம்; தினமும் எடுப்பது டீயில் தோய்க்கிற ரஸ்க்.

உடம்பு விஷயத்தில் மாமா இன்னும் கறார். பத்தாயிரம் அடி எண்ணி முடிக்காமல் பூங்காவை விட்டு வெளியே வரமாட்டார். எண்ணிக்கை 9,940-இல் நின்றால் கட்டணக் கழிப்பறையைச் சுற்றியாவது ஒரு வட்டம் போடுவார். அந்தப் பத்தாயிரம் எந்த டாக்டரும் எழுதிக்கொடுத்த மருந்துச்சீட்டு அல்ல. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த சூட்டில், 1965-இல், ஜப்பானியக் கம்பெனி ஒன்று அடி எண்ணும் கருவிக்கு 'மான்போ-கெய்' என்று பெயர் வைத்தது. பத்தாயிரம் அடி எண்ணும் மீட்டர் என்று அர்த்தம். பெயர் கடையில் விற்றது, எண் உலகம் சுற்றியது. 2019-இல் அமெரிக்காவில் சராசரி எழுபத்திரண்டு வயதான பதினாறாயிரத்துச் சொச்சம் பெண்களை வைத்து வந்த ஆய்வில், நாளுக்கு 4,400 அடி நடந்தவர்களுக்கே சாவு அபாயம் கணிசமாகக் குறைந்திருந்தது. 7,500-க்கு மேல் போனால் கூடுதல் லாபம் பெரிதாக இல்லை. இதை ஒருவர் மாமாவிடம் சொன்னார். 'அது பொம்பளைங்களுக்கு' என்று மாமா 7,501-ஆவது அடியை வைத்தார்.

நடை முடிந்ததும் அருகம்புல் சாறு ஒரு டம்ளர், முகம் சுளிக்காமல். பிறகு நாலு கடை தள்ளி, சூடாக இரண்டு மெதுவடை. சாறு குடித்தவனுக்கு வடை ஒன்றும் செய்யாது என்பது மாமாவின் வைத்திய சாஸ்திரம். ரத்தப் பரிசோதனைக்கு மூன்று நாள் முன்னால் வடை நிற்கும், இனிப்பு ஒழியும், ராத்திரி கேழ்வரகுக் கஞ்சி. வெறும் வயிற்றுச் சர்க்கரை அழகாக வரும். பல வருஷம் இப்படியே பாஸானார். புதிதாக வந்த லேடி டாக்டர்தான் ஹெச்பிஏ1சி பார்க்கச் சொன்னார். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அதில் ஒட்டிய சர்க்கரை இரண்டு மூன்று மாதக் கணக்கைச் சொல்லிவிடும். தீபாவளி லேகியத்திலிருந்து மச்சினர் வீட்டு அறுபதாம் கல்யாண மைசூர்பாகு வரை எல்லாம் அந்த ஒற்றை எண்ணில் வரிசையாக நின்றது. டாக்டர் எதுவும் கேட்கவில்லை. மாமிதான் கேட்டாள். 'ஏங்க, சிங்கம் மாதிரி வாழணும்னு காலையில அனுப்பினீங்களே, சிங்கம் வடை தின்னுமா?'

ராத்திரி முழங்காலுக்கு அமிர்தாஞ்சன். துணிச்சலுக்குக் கழுகைத் தேடி மலையேறிய மாமா, கையிலிருந்த மஞ்சள் டப்பாவைத் திருப்பிப் பார்த்ததில்லை. காசிநாதுனி நாகேஸ்வர ராவ் ஆந்திரக் கிராமத்திலிருந்து பிழைப்புக்காகக் கல்கத்தா, பம்பாய் என்று அலைந்தவர். 1893-இல் பம்பாயில் இந்தத் தைலத்தைக் காய்ச்சி, கச்சேரி கேட்க வந்தவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தே பெயர் வாங்கினார். அந்த லாபத்தில் பத்திரிகை ஆரம்பித்தார், சென்னைக்கு வந்தார், சுதந்திரப் போராட்டத்தில் சிறைக்கும் போனார். அவர் பெயரிலுள்ள பூங்காவைத்தான் மாமா தினமும் சுற்றுகிறார். முழங்கால் வலிக்கக் காரணமும் அவர் பெயரில், மருந்தும் அவருடையது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். சாப்பாடெல்லாம் முடிந்த பிறகு, 'அப்பா, வேலையை விடப்போறேன். சிறுதானிய மாவு அரைச்சு விக்கலாம்னு இருக்கேன்' என்றாள். ஊக்கமும் ஆரோக்கியமும் ஒரே வாக்கியத்தில் வந்திருக்கிறது. மாமா அழாத குறை, ஆனால் ஆனந்தத்தில் அல்ல.

'பி.எஃப்.ல எவ்வளவு இருக்கு?'

'அப்பா, பயத்தை உதறுன்னு இன்னிக்குக் காலையிலகூட...'

'அது பொதுவா சொன்னது. நீ மெடிக்கல் லீவு போட்டு ஆறு மாசம் பாரேன்.'

பேச்சு அதோடு முறிந்தது. மாமி மட்டும் உள்ளே போய் இரண்டு கிலோ கம்பு மாவுக்கு முன்பணம் கொண்டுவந்து கொடுத்தாள்.

அன்றிரவு மாமாவுக்கு ஒரு படம் வந்தது. வெள்ளைத் தாடி, கருப்பு நாடா டை, கர்னல் சாண்டர்ஸ். 65 வயதில், கையில் 105 டாலர் ஓய்வூதியக் காசோலையோடு பூஜ்யத்திலிருந்து தொடங்கி உலகை வென்றார் என்றது வாசகம். உண்மையில் அவர் 1930-லிருந்தே கென்டக்கியில் கோழி வறுத்துப் பெயர் வாங்கியவர். தன் சமையல் முறையை முதல் கிளைக்குக் கொடுத்த 1952-இல் வயது 62. மாமாவுக்கு அந்தக் கணக்கு வேண்டாம். தாடி போதும்.

படத்தின் தலையில் இரட்டை அம்புக்குறி. பல கை மாறி வந்த சரக்கு. 2020-லிருந்து இப்படிப்பட்டதை ஒரு முறைக்கு ஒரே ஒருவருக்குத்தான் அனுப்ப முடியும். மாமாவின் கட்டைவிரல் பட்டியலில் மெல்ல இறங்கியது. மகளின் பெயர் மேல் வந்து நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். விரல் இன்னும் இரண்டு பெயர் கீழே இறங்கி, ரயில்வேயில் ஓய்வுபெற்று மாசம் ஒண்ணாந்தேதி தவறாமல் பென்ஷன் வாங்கும் மச்சினருக்குப் படத்தை அனுப்பியது.