குதிரைக்குக் கொள்ளு வைத்தவர்

நமக்குப் பிடித்த கட்சியை ஒரு பத்தி எழுத்தாளர் திட்டினால் அவர் விலைபோனவர். பிடிக்காத கட்சியைத் திட்டினால் நெஞ்சுரம் உள்ளவர். இந்த இலக்கணம் பிடிபட்ட பிறகு, ‘அந்த ஆள் ஒரு பக்கமே சாய்கிறார்’ என்று யாராவது புகார் சொன்னால் எனக்கு ரத்தம் கொதிப்பதில்லை. சாயத்தானே சம்பளம்? எந்தப் பக்கமும் சாயாத பத்தியைப் படிப்பது பஞ்சாங்கத்தில் ராகு காலம் பார்ப்பது மாதிரி. தகவல் இருக்கும், சண்டை இருக்காது. என் வழக்கு வேறு. மனசு எந்தக் கட்சியிடம் என்பதை மறைக்காத ஒருவர், அந்தக் கட்சிக்குக் கை என்ன வேலை பார்த்தது என்பதை மட்டும் மறைத்தால் அவரை எந்தக் கணக்கில் வைப்பது? இந்தக் கேள்விக்கு அமெரிக்காவின் ஜார்ஜ் வில்லைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம். வாஷிங்டன் போஸ்ட்டில் 1970களிலிருந்து எழுதி வருபவர், 1977இல் கருத்துரைக்காகப் புலிட்சர் பரிசு வாங்கியவர், வலதுசாரி. வாக்கியத்துக்கு இஸ்திரி போட்டு அனுப்புகிற ரகம்.

1980 அக்டோபர் 28. அதிபர் தேர்தலுக்குச் சரியாக ஒரு வாரம். கிளீவ்லாந்தில் அப்போதைய அதிபர் ஜிம்மி கார்ட்டரும் அவரை எதிர்த்த குடியரசுக் கட்சி வேட்பாளர் ரொனால்ட் ரீகனும் தொலைக்காட்சி விவாதத்தில் மோதினார்கள். அதற்கு முன் வர்ஜீனியாவில் ஒரு பண்ணை வீட்டில் ரீகனுக்கு ஒத்திகை நடந்திருந்தது. ரீகன் கட்சிக்காரரான டேவிட் ஸ்டாக்மன் கார்ட்டர் வேஷம் கட்டினார். ஒத்திகைக் குழுவில் நம் பத்தி எழுத்தாளரும் இருந்தார். விவாதம் முடிந்த அன்றிரவே ஏபிசி தொலைக்காட்சியில் உட்கார்ந்து, யார் எப்படிப் பேசினார்கள் என்று விமர்சனமும் செய்தார். ரீகன் ஜாதிக் குதிரை மாதிரி ஓடினாராம்! ஓடாமல் என்ன செய்யும்? கொள்ளு வைத்து, தேய்த்து, லாடம் பார்த்து அனுப்பிய ஆட்களில் ஒருவரே மேடையேறி ‘ஆகா, என்ன பாய்ச்சல்’ என்கிறார். டியூஷன் வாத்தியார் கையிலேயே விடைத்தாள் கட்டைக் கொடுத்தால் பையன் சதம் அடிக்காமலா இருப்பான்?

இதற்கு முதல் பதில் தயாராக இருக்கிறது. ‘அவர் வலதுசாரி என்பது ஊருக்கே தெரியும். நிகழ்ச்சியை நடத்திய டெட் காப்பலே, இவர் முந்தின நாள் ரீகனோடு கொஞ்ச நேரம் இருந்தார், ரீகன்மேல் உள்ள பிரியத்தை இவர் ஒளித்ததில்லை என்றெல்லாம் சொல்லித்தானே அறிமுகம் செய்தார்?’ சொன்னார், உண்மை. ஆனால் ‘கொஞ்ச நேரம் கூட இருந்தார்’ என்பதற்கும் ‘கூட உட்கார்ந்து பாடம் சொல்லிக்கொடுத்தார்’ என்பதற்கும், கல்யாணத்துக்குப் போனவருக்கும் தாலி கட்டியவருக்கும் உள்ள தூரம் உண்டு. இரண்டு பேரும் மண்டபத்தில்தான் இருந்தார்கள் என்பது வாஸ்தவம். அந்த இடத்தில் வில் தொண்டையைச் செருமிக்கொண்டு மிச்சத்தைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தெருக் கிரிக்கெட்டில் பேட்டிங் பக்கத்துப் பையன்தான் அம்பயராக நிற்பான். அதனால் யாரும் ஏமாறுவதில்லை. அவன் யார் ஆள் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்காகவே தெரு ஆட்டத்தில் எல்பிடபிள்யூவை ஒழித்துக்கட்டியிருக்கிறோம். அதே பையன் அடுத்து பேட் பிடிக்கவேண்டியவன் என்பதைச் சொல்லாமல், வெள்ளை கோட்டு போட்டுக்கொண்டு வெளியூர் அம்பயராக வந்து நின்றால்தான் வம்பு.

வாசகர்களுக்கு முழு விவரம் தெரிய 1983 வரை ஆயிற்று. கார்ட்டர் தரப்பு தயாரித்து வைத்திருந்த விவாதக் குறிப்புகள் எப்படியோ ரீகன் முகாமுக்கு வந்து சேர்ந்திருந்தன என்ற ரகளை கிளம்பியபோது, இதுவும் கூடவே வெளியே விழுந்தது. குறிப்புகளை வில் எடுத்துவரவில்லை. அந்தப் பழியை அவர்மேல் போடுவது அநியாயம். அவர் சொன்னது இதுதான்: சும்மா புரட்டிப் பார்த்தேன், ஒரே சலிப்பு, ஒன்றுக்கும் உதவாது. திருட்டு மாங்காய் புளித்தது என்று சாட்சி சொல்வதில் ஒரு சிக்கல் உண்டு. மாங்காய் நல்ல ஜாதி இல்லை என்பது நிரூபணமாகும். கடித்துப் பார்த்தீர்கள் என்பதும் சேர்ந்தே நிரூபணமாகும்.

அடுத்த பதில், பெரியவர்கள் காட்டிய வழி. பத்தி எழுத்தாளர் வால்டர் லிப்மன் 1961இல் அதிபர் கென்னடியின் பதவியேற்பு உரையை முன்கூட்டியே படித்து, ‘எதிரி’ என்ற வார்த்தையைக் கொஞ்சம் மென்மையாக்கச் சொல்லி, பிறகு அந்த உரையைத் தன் பத்தியில் மெச்சினார். நியூயார்க் டைம்ஸின் ஜேம்ஸ் ரெஸ்டன் 1945இல் செனட்டர் வாண்டன்பர்க்கின் உரைக்குக் கைகொடுத்துவிட்டு, அதே உரையைத் தன் பத்திரிகையில் சிலாகித்தார். ஆக, இது ஒரு பரம்பரை வைத்தியம். நோயாளிக்குத்தான் மருந்தின் பெயரைச் சொல்லும் வழக்கம் இல்லை. தாத்தாவும் டிக்கெட் எடுக்காமல்தான் போனார் என்று பரிசோதகரிடம் சொன்னால் அபராதம் குறையுமா என்ன?

மூன்றாவது பதில்தான் கனமானது. வில் தன் கட்சிக்காரர்களையும் விட்டுவைத்தவர் இல்லை. வாட்டர்கேட் ஊழல் நாட்களில் அதிபர் நிக்சனை வறுத்தார். 1986இல், ரீகனுக்கே துணை அதிபராக இருந்த மூத்த புஷ்ஷை மடியில் உட்காரும் நாய்க்குட்டியோடு ஒப்பிட்டார். 2016இல் டிரம்ப்பைப் பொறுக்க முடியாமல் குடியரசுக் கட்சியிலிருந்தே பெயரை நீக்கிக்கொண்டார். கட்சி அடிமை இதையெல்லாம் செய்வானா? செய்யமாட்டான். அதனால்தான் நான் அவரைக் கட்சி அடிமை என்று சொல்லவே இல்லை. அடிமையின் புகழுரையை வாசகன் பாதிக்குப் பாதி கழித்துக்கொண்டுதான் படிப்பான். சொந்தக் கட்சியையே அடிக்கிற நேர்மையாளர் புகழ்ந்தால் கழிக்கமாட்டான், முழு விலை கொடுப்பான். அன்றிரவு கொள்ளுச் செலவு எவ்வளவு என்று தெரியாமலே குதிரைக்கு முழு விலை கொடுத்தார்கள்.

2005இல் அவரே, ஒத்திகைக்குப் போனது பொருத்தமில்லாத காரியம் என்று எழுதிவிட்டார். கால் நூற்றாண்டு தாமதம், இருந்தாலும் எழுதினார். மனிதர் பேஸ்பால் பைத்தியம் வேறு. அந்த ஆட்டத்தைப் பற்றி 1990இல் ஒரு தடித்த புத்தகமே போட்டிருக்கிறார். அணி மேலாளர், பந்து வீசுபவர், மட்டை பிடிப்பவர், களத்தடுப்பாளர் என்று நாலு பேரின் தொழில் நுணுக்கத்தை நாலு பகுதியாகப் பிரித்து அலசியிருக்கிறார். அம்பயருக்கென்று ஒரு பகுதி வைக்கவில்லை.