ரிஜெக்ட் ஜோடி

ஆம்பூரில் பனி என்றால், மார்கழி விடிகாலையில் பால் வாங்கப் போகும்போது மூக்கு நுனியில் படும் ஈரம், அவ்வளவுதான். அதற்கே மஃப்ளர், குரங்குக் குல்லா என்று ஊரே திருடர்கள் மாதிரி நடமாடும். ஆனால் பாருங்கள், இருபது வருஷத்துக்கு மேலாக நான் பனியில் நடக்கிறவர்களுக்குத்தான் பூட்ஸ் செக் பண்ணிக்கொண்டிருக்கிறேன். ஐரோப்பாவின் குளிர்கால ஆர்டர் எங்கள் பூட்ஸ் கம்பெனியில் கோடையில் ஓடும். அக்னி நட்சத்திரத்தில், உள்ளே கம்பளி வைத்த பூட்ஸுக்குள் முழங்கை வரை கைவிட்டு லைனிங்கைத் தடவிப் பார்ப்பேன். எங்கோ ஒரு ஜெர்மனிக்காரனுக்குக் குளிரக் கூடாது என்பதற்காக நான் வியர்ப்பதற்குப் பெயர்தான் ஏற்றுமதி.

அதனால்தான், "மணாலி போய் ஸ்கீயிங் பண்ணலாம்ப்பா" என்று பையன் ஆரம்பித்தபோது, "பனியைப் பத்தி எனக்கே சொல்றியா?" என்று கேட்டுத் தொலைத்தேன். அதற்கப்புறம் நடந்த எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வாக்கியம்தான் காரணம்.

திட்டம் போட ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். முதல் பக்கத்திலேயே, 'ரோத்தாங் கணவாய், காலை 9 மணி, டிபன்' என்று எழுதியிருந்தேன். வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "ஏங்க, ஜனவரியில அந்தக் கணவாயைப் பனி மூடிடுமாமே, இட்லி யார் கொடுப்பா?" என்றாள். பதிமூவாயிரம் அடி உயரமாம். அதற்குத்தான் 2020-ல் மலைக்கு அடியில் 9 கிலோமீட்டருக்கு அடல் சுரங்கப்பாதை திறந்திருக்கிறார்களாம். நோட்டில் அடித்து எழுதினேன்: 'சோலாங்.' அங்கேதான் கற்றுக்குட்டிகளுக்கு ஸ்கீ சொல்லித் தருகிறார்கள்.

சோலாங் போகிற வழியெல்லாம் வாடகைக் கடைகள். கோட்டு, கம்பூட்ஸ், கையுறை எல்லாம் வாடகைக்கு உண்டு. பெண்டாட்டி, பிள்ளை இரண்டு பேரும் போட்டுக்கொண்டார்கள். நான் மாட்டேன் என்றேன். ஆம்பூர்க்காரன் வாடகைச் செருப்பு போட்டான் என்று தெரிந்தால் பைபாஸ் ரோட்டில் தலைகாட்ட முடியுமா? என் பையில் போன சீசன் குளிர்கால பூட்ஸ் ஒரு ஜோடி இருந்தது. ரிஜெக்ட் ஆன ஜோடிதான், ஆனால் பார்த்தால் தெரியாது.

வண்டி ஓட்டுவதிலும் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் கண்ணைக் கட்டிக்கொண்டு ஏறுவேன். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு புலவர் பெயர் அல்லது ஒரு வள்ளல் பெயர். அதில் மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனும் உண்டு. சோலாங் ரோட்டில் அவர் இருந்திருக்கலாம்.

டாக்ஸியில் முன் சீட் எனக்கு. நிழல் விழுந்த ஒரு வளைவில் தார் ரோடு நனைந்த மாதிரி பளபளத்தது. தண்ணீர் என்று நினைத்தேன். கண்ணாடி மாதிரி உறைந்த ஐஸாம். வண்டியின் பின்பக்கம் மெல்ல ஒரு பக்கமாகப் போக ஆரம்பித்தது. "பிரேக்! பிரேக்!" என்று கத்திக்கொண்டே, என் பக்கம் இல்லாத பிரேக்கை வலது காலால் மிதித்தேன். டிரைவர் பிரேக்கைத் தொடவே இல்லை. முதல் கியரில் விட்டு, ஸ்டீயரிங்கை முட்டையைப் பிடிப்பது போலப் பிடித்திருந்தார். பனியில் பிரேக்கை அழுத்தினால் சக்கரம் நின்றுவிடும், வண்டி நிற்காதாம். எனக்குத் தெரிந்த ஆம்பூர் உருதுவில் "நக்கோ, நக்கோ!" என்று அலறினேன். இமாச்சல்காரருக்கு 'நக்கோ' புரியவில்லை. நல்லவேளை, புரிந்திருந்தால் நிறுத்தப் பார்த்திருப்பார்.

கொஞ்ச தூரத்தில் சங்கிலி மாட்டுவதற்காக ஓரங்கட்டினார். "நான் பார்த்துக்கறேன்" என்று இறங்கினேன். முதல் அடியில் வலது பூட்ஸ் முன்னே போனது. இரண்டாம் அடியில் இடது பூட்ஸும் போனது. நான் மட்டும் இருந்த இடத்திலேயே உட்கார்ந்தேன். டயருக்குச் சங்கிலி மாட்டி முடிக்கும்வரை எழுந்திருக்கவே முடியவில்லை. பக்கத்தில் கம்பூட்ஸ் போட்ட என் பெண்டாட்டி, காய்கறி வாங்கப் போகிறவள் மாதிரி நடந்து வந்து கை கொடுத்தாள்.

ஸ்கீயிங்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. முன் நுனிகளைச் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டினால் நிற்கும் என்று சொல்லிக் கொடுத்தவர் சொன்னார். எனக்கு அது நேர்மாறாக விளங்கியது. டீக்கடை வரை போனேன்.

ஊர் திரும்பியதும் பையன் ஒரு போட்டோவைப் பிரிண்ட் போட்டு ஹாலில் மாட்டினான். ரோட்டோரம் நான் விழுந்த கணம். முகம் தெரியாது. கேமராவைப் பார்த்து நீட்டிய இரண்டு பூட்ஸ், சைஸ் 42, 'மேட் இன் இந்தியா' எழுத்து எழுத்தாகத் தெரிகிறது. வலது பூட்ஸில் சோல் முன்பக்கம் பிளந்து, வாயைத் திறந்து சிரிக்கிறது.

அந்த ஜோடியின் ரிஜெக்ட் சீட்டு இன்னும் என் டிராயரில் இருக்கிறது. காரணம்: 'சோல் ஒட்டல் சரியில்லை.' கீழே என் கையெழுத்து. வேலையில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது.