கோப்பை யார் வீட்டுக்குப் போனால் என்ன?

கேள்வி: நுங்கம்பாக்கத்தில் நடக்கும் மகளிர் டென்னிஸ் கோப்பையை 2022-ல் செக் நாட்டுப் பெண்ணும், 2025-ல் இந்தோனேசியப் பெண்ணும் கொண்டுபோய்விட்டார்கள். பந்தி போடுவது நாம், சாப்பிடுவது யாரோவா?

பதில்: பந்தி போட்ட வீட்டுப் பெண்ணுக்கும் அங்கே இலை உண்டு, அதன் பெயர் வைல்ட் கார்டு: தரவரிசை பார்க்காமல் போட்டி நடத்துபவர்கள் தரும் நேரடி இடம். உலகத் தரவரிசையில் முந்நூறைத் தாண்டி நிற்கும் ஒருத்தியை வெளிநாட்டுப் போட்டிகளின் பிரதானச் சுற்றில் யாரும் கூப்பிட்டுச் சேர்ப்பதில்லை. உள்ளூரில் போட்டி இருந்தால்தான் கதவு திறக்கும். 2022-ல் நம் நாட்டு கர்மன் கவுர் தண்டி அப்படித்தான் நுழைந்தார். பிரான்ஸின் குளோயி பாக்கேயிடம் முதல் செட்டை விட்டு, அடுத்த இரண்டையும் பிடித்தார். ‘ஒரு வெற்றிக்கா இத்தனை செலவு?’ என்பீர்கள். அந்த ஒரு வெற்றியின் புள்ளிகளைத் தேடிச் சின்னப் போட்டிகளுக்காக ஊர் ஊராகப் பறக்கும் செலவையும் கணக்கில் சேருங்கள். அத்தோடு, வெயில் குடித்த அந்த ஹார்ட் கோர்ட்டில் ஷூ கிறீச்சிடப் பந்தை எட்டிப் பிடித்து, வியர்வையில் வழுக்கும் ராக்கெட் பிடியைத் துடைத்துத் துடைத்து ஆடிய அந்த செக் நாட்டுப் பெண், 17 வயது லிண்டா ஃப்ருவிர்டோவாவை, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பள்ளிப் பெண்களை மறக்காதீர்கள். டிவியில் பந்தின் வேகம் தெரியாது, நேரில்தான் தெரியும். இந்தோனேசியா டபிள்யூடிஏ டூர் ஒற்றையர் பட்டத்துக்காக 2002-க்குப் பிறகு காத்திருந்து, ஜானிஸ் ஜென் மூலம் அதைப் பெற்றது நம் சென்னையில்தான். நம் பெண்ணின் முறை வரும்போது போட்டி இங்கே நடந்துகொண்டிருக்க வேண்டும். இடையில் இரண்டு வருடம் நடக்காமல் போனதற்குத்தான் நாம் கோபப்பட வேண்டும்.