முன்சீட்டு மாப்பிள்ளை

புதுக் காருக்கு எலுமிச்சம்பழம் நசுக்கியாயிற்று, சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று, சீட் கவரும் மேட்டும் போட்டாயிற்று. இத்தனைக்குப் பிறகும் ஒருவருக்கு மட்டும் அந்தக் கார் முழுசாக வந்து சேர்ந்திருக்காது. ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஃபோனை முன்கண்ணாடிப் பக்கம் நீட்டிப் பார்ப்பார். பிறகு டேஷ்போர்டின் மேல் வைத்துப் பார்ப்பார். பிறகு ஏசி வென்ட்டுக்கு முன்னால். வழிகாட்டப்போகும் ஃபோனை எங்கே நிறுத்துவது, அதற்குக் கரண்ட் எங்கிருந்து எடுப்பது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. அடுக்குமாடி பார்க்கிங் ஒவ்வொன்றிலும் இப்படி ஒருவர் இருக்கிறார். ஹோல்டர்காரர் என்றே அவரைச் சொல்லலாம். கிளவ் பாக்ஸைத் திறந்தால் ஆர்.சி., இன்ஷூரன்ஸ் காகிதங்களுக்கு மேலே உறிஞ்சி ஒட்டுவது, கிளிப் போட்டு மாட்டுவது, காந்தம் வைத்தது, கப் ஹோல்டரில் செருகுவது என்று ஓய்வுபெற்ற ஹோல்டர்கள் குவிந்து கிடக்கும். இவரைப் பார்த்துச் சிரிப்பது எளிது. ஆனால் அவர் சொல்லும் ஒவ்வொரு காரணமும் தனித்தனியாகப் பார்த்தால் சரியாகவே இருக்கும். கணக்கு மொத்தமாகத்தான் தப்பிப்போகிறது. வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளைக்கு நடக்கிற உபசாரமெல்லாம் அந்தக் காரில் ஃபோனுக்கு நடக்கிறது: எங்கே உட்கார வைக்கலாம், காற்று வருகிறதா, வெயில் படுகிறதா, சாப்பாடு ஆயிற்றா. ஓட்டுகிறவரின் கண்ணுக்கு என்ன வசதி என்ற கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை.

ஹோல்டர்காரரின் முதல் பருவம் கண்ணாடிப் பருவம். உறிஞ்சி ஒட்டும் ரப்பர் கிண்ணத்தை முன்கண்ணாடியின் நட்டநடுவில் அழுத்துவார். “சாட்டிலைட் தெரியணும் சார்” என்பது அவர் வாதம். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. இடத்தைச் சரியாகக் கணிக்கக் குறைந்தது நான்கின் சிக்னலாவது வேண்டும். அவ்வளவு தூரம் வந்த சிக்னல் கண்ணாடியிலிருந்து ஒரு முழம் கீழே இறங்கியதும் களைத்துப்போய்விடாது. உலோகப் பூச்சுள்ள கண்ணாடியாக இருந்தாலொழிய, இன்றைய ஃபோன் டேஷ்போர்டுக்குக் கீழே இருந்தும் வழியைக் கண்டுபிடித்துவிடும். அடுத்தது ரப்பர் கிண்ணத்தின் விசுவாசம். அதைப் பிடித்து வைப்பது பசையல்ல, வெளியே இருக்கும் காற்றின் அழுத்தம்: ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. ஆறு சென்டிமீட்டர் அகலக் கிண்ணம் ஏட்டுக் கணக்குப்படி இருபத்தைந்து கிலோவுக்கு மேல் தாங்க வேண்டும். ஆனால் வெயிலில் ரப்பர் இளகி, விளிம்பில் துளிக் காற்று புகுந்துவிட்டால், இருநூறு கிராம் ஃபோனைக்கூடத் தாங்காமல், சரியாக ரவுண்டானாவின் நடுவில், மடியில் வந்து விழும். எச்சில் தொட்டு ஒட்டினால் நிற்கும் என்பது ஹோல்டர்காரர்களின் பரம்பரை வைத்தியம். ஈரம் இடைவெளியை அடைப்பதால் அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது, காயும்வரை நிற்கும்.

வெயில்தான் அவரை இரண்டாம் பருவத்துக்குத் தள்ளுகிறது. அமெரிக்காவின் அரிசோனாவில் நடந்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், கோடை வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்திய கார்களின் டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸ் வரை சூடேறியிருந்தது. சித்திரை வெயிலில் வேலூரில் கார் நிறுத்தியவர்களுக்கு இதைச் சொல்ல அரிசோனா தேவையில்லை. ஐஃபோனை 35 டிகிரிக்கு மேற்பட்ட சூழலில் இயக்க வேண்டாம் என்கிறது ஆப்பிள். வெயில், முழு வெளிச்சத்தில் திரை, ஜி.பி.எஸ்., சார்ஜ் நான்கும் ஒன்றுசேர்ந்தால் ஃபோன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கும்: திரை மங்கும், சார்ஜ் நின்றுபோகும், கடைசியில் சூடு தணியட்டும் என்று ஓர் அறிவிப்பைப் போட்டுவிட்டு ஓய்வெடுக்கும். அதனால் மாப்பிள்ளை ஏசி வென்ட்டுக்கு இடம் மாறுகிறார். குளிர்நாடுகளில் ஹீட்டர் காற்று ஃபோனை வாட்டும் என்று வென்ட் ஹோல்டரைக் குறை சொல்வார்கள். நம் ஊரில் அதற்கு நேர்மாறு. கோடையில் ஃபோனுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. தகராறு அங்கேதான் ஆரம்பமாகிறது. “என்னங்க, இந்தப் பக்கம் காத்தே வரலை.” “கொஞ்சம் பொறும்மா, ஃபோன் சூடாயிடும்.” திண்டிவனம் தாண்டுவதற்குள் ஃபோன் ஜில்லென்று இருக்கும், முந்தானையால் விசிறிக்கொள்கிறவருக்கு மட்டும் அந்தக் குளிர்ச்சி போய்ச் சேராது.

சூடு உண்மையான பிரச்சினைதானே, வென்ட்டில் வைத்தது குற்றமா என்று கேட்கலாம். வென்ட்டில் வைத்தது சரி. எந்த வென்ட் என்பதில்தான் மனிதர் பிடிபடுகிறார். பெரும்பாலான கார்களில் நடுவே அடுத்தடுத்து இரண்டு வென்ட்கள் இருக்கும். நம் ஊர் வலப்பக்க ஸ்டியரிங் வண்டியில் அவற்றில் வலப்பக்கத்தது ஓட்டுகிறவருடையது. ஹோல்டரை அதில் மாட்டினால் கண்ணுக்கும் பக்கம், சாக்கெட்டுக்கும் பக்கம், குறைகிற காற்றும் அவர் பங்கிலிருந்தே குறையும். ஹோல்டர்காரர் மாட்டுவது இடப்பக்கத்தில். கேட்டால், இடக்கைக்கு எட்டும் என்பார், கியர் போடும்போது இடிக்காது என்பார். பக்கத்து சீட்டுக்காரரும் பின்சீட்டு மச்சானும் தெளிவாகப் பார்க்கலாம் என்பதைச் சொல்லமாட்டார். கதவோரம் இருக்கும் வென்ட்டைச் சிலர் சிபாரிசு செய்வதுண்டு. அங்கே ஃபோன் பாதி நேரம் ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். நடுச் சாக்கெட்டிலிருந்து அதற்குப் போகும் வயர் ஸ்டியரிங்கின் குறுக்கே கொடி கட்டியதுபோல் தொங்கும். வென்ட்டின் பிளாஸ்டிக் பட்டைகள் கனமான ஃபோனைச் சுமக்கச் செய்யப்பட்டவை அல்ல என்பதும் உண்மைதான். ஒரு பட்டை ஒடிந்தால் பல கார்களில் வென்ட்டையே மொத்தமாக மாற்ற வேண்டியிருக்கும். அதற்காகும் செலவில் பத்து ஹோல்டர் வாங்கலாம். அவர் வாங்கவும் செய்வார்.

டேஷ்போர்டின் மேல்பரப்பு மூன்றாவது இடம். அங்கே ஏற்கெனவே பிள்ளையார் இருக்கிறார். சில வண்டிகளில் மாதா, சிலவற்றில் முருகன், கூடவே தலையாட்டும் ஒரு பொம்மை. ஹோல்டர்காரர் பிள்ளையாரை இரண்டு அங்குலம் இடப்பக்கம் நகர்த்திவிட்டு அந்த இடத்தைப் பிடிப்பார். “சாமியை ஏன்டா தள்ளி வச்சே?” என்று பின்சீட்டிலிருந்து அம்மா கேட்பார். “வழி தெரியணும்ல” என்று பதில் வரும். இந்தக் குடும்ப வழக்கில் கவனிக்க வேண்டியது பக்தி அல்ல, காற்றுப்பை. இந்தியாவில் 2021 ஏப்ரல் முதல் புதிய மாடல் கார்களில் முன்சீட்டுப் பயணிக்கும் ஏர்பேக் கட்டாயம். அது டேஷ்போர்டின் இடப்பக்கத்தைப் பிளந்துகொண்டு, கண் இமைப்பதற்குள் விரியும். அந்த வழியில் எது ஒட்டியிருந்தாலும், பித்தளைப் பிள்ளையாரானாலும் இரும்புக் காந்தமானாலும், பக்கத்து சீட்டில் இருப்பவரின் முகத்தை நோக்கிப் பறக்கும். ஐந்து நட்சத்திரப் பாதுகாப்பு மதிப்பீடு என்று பெருமையாகச் சொல்லி வாங்கிய காரில் அந்த இடத்தில் ஹோல்டர் ஒட்டுவது, வாங்கிய நட்சத்திரத்தைக் கையோடு திருப்பிக் கொடுப்பதுதான்.

உட்கார இடம் அமைந்தால் அடுத்தது சாப்பாடு. காரில் இருக்கும் யு.எஸ்.பி. துளையில் செருகியாயிற்று, சார்ஜ் ஏறுகிறது என்ற மின்னல் குறியும் வந்தாயிற்று. ஆனால் சென்னையில் 80 சதவீதம் இருந்த ஃபோன் விழுப்புரத்தில் 60 காட்டும். பேட்டரி போய்விட்டது, ஃபோனையே மாற்ற வேண்டும் என்று முடிவுகட்டுவார். காரணம் வேறு. பாட்டு கேட்பதற்காக வைத்த பழைய வகை யு.எஸ்.பி. துளை 5 வோல்ட்டில் அரை ஆம்பியர்தான் தரும், அதாவது 2.5 வாட். திரை முழு வெளிச்சத்தில், மேப்பும் டேட்டாவும் ஓடும்போது ஃபோன் அதைவிட அதிகமாகத் தின்னும். 12 வோல்ட் சாக்கெட்டில், சிகரெட் பற்றவைக்கப் பிறந்து இப்போது ஃபோனுக்கு ஊழியம் செய்யும் அதே துளையில், நல்ல சார்ஜரைச் செருகினால் தீரும் விஷயம் இது. ஹோல்டர்காரர் அங்கே நல்ல சார்ஜரோடு நிற்கமாட்டார். ஒன்றை மூன்றாக்கும் சாக்கெட்டைப் போட்டு, ஃபோன், டேஷ் கேமரா, காற்றைச் சுத்தம் செய்யும் டப்பா மூன்றையும் மாட்டுவார். ஒருநாள் அதே வரிசையில் டயருக்குக் காற்றடிக்கும் பம்பையும் சேர்ப்பார். சாக்கெட்டின் ஃபியூஸ் போய், மாப்பிள்ளை உட்பட எல்லாரும் ஒரே நேரத்தில் பட்டினி கிடப்பார்கள். அடுத்த கட்டமாக ஃபியூஸ் பெட்டியிலிருந்தே நேராக வயர் இழுக்கலாம் என்று கிளம்புவார். சாவியை எடுத்ததும் அணைகிற ஃபியூஸிலிருந்து, தகுந்த அளவு ஃபியூஸ் சேர்த்து, தெரிந்த எலக்ட்ரீஷியன் செய்தால் அது நல்ல வேலை. சாவி எடுத்த பின்னும் உயிரோடிருக்கும் ஃபியூஸில் மாட்டிவிட்டு ஒரு வாரம் ஊருக்குப் போனால், திரும்பி வரும்போது பேட்டரிக்குப் பால் ஊற்ற வேண்டியிருக்கும்.

இத்தனை ஆராய்ச்சியிலும் விட்டுப்போனது கண். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் நகர்கிறது. திரையை இரண்டு நொடி பார்த்தால் 33 மீட்டர் தூரத்தை யாரும் பார்க்காமலே வண்டி கடந்துவிடுகிறது. பைபாஸில் நூறில் போனால் 55 மீட்டர். அந்தத் தூரத்துக்குள் ஒரு மாடு, ஒரு ஸ்கூட்டி, எதிர்த்திசையில் வரும் ஒரு டிராக்டர் எல்லாமே வந்துபோகலாம். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2013-இல் கார்க் கருவிகளுக்கு வகுத்த நெறியில், ஒரு பார்வை இரண்டு நொடியைத் தாண்டக் கூடாது, ஒரு வேலைக்கு மொத்தமாகப் பன்னிரண்டு நொடிக்கு மேல் ஆகக் கூடாது என்றது. கலிபோர்னியாவின் சட்டம் அங்குலக் கணக்கே போட்டிருக்கிறது: முன்கண்ணாடியில் ஒட்டுவதானால், ஓட்டுநர் பக்கக் கீழ் மூலையில் ஐந்து அங்குலச் சதுரம், எதிர்ப் பக்கக் கீழ் மூலையில் ஏழு அங்குலச் சதுரம். நம் நாட்டில் 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதித் திருத்தம், ஃபோனை வழி பார்ப்பதற்கு மட்டும், ஓட்டுநரின் கவனம் சிதறாதபடி பயன்படுத்தலாம் என்கிறது. இடத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நம் தலையில். ஹோல்டர்காரர் இதை முழுச் சுதந்திரம் என்று படிக்கிறார். அந்த வாக்கியத்தின் பாரம் முழுவதும் ‘கவனம்’ என்பதில் இருக்கிறது. தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் சற்றே இறக்கினால் தெரிகிற இடம் தகும். கழுத்தைக் குனிய வைக்கிற கப் ஹோல்டரும், ரோட்டையே மறைக்கிற நடுக்கண்ணாடியும் தகாது.

இப்போது வருகிற கார்களில்தான் பெரிய திரை இருக்கிறதே, ஃபோனைத் திரையோடு இணைத்துவிட்டால் இந்த இனமே அழிந்துவிடாதா என்று கேட்பவர்கள் ஹோல்டர்காரரை அறியாதவர்கள். திரையில் ஒரு மேப், ஹோல்டரில் இன்னொரு ஃபோனில் இன்னொரு மேப் என்று இரண்டையும் ஓடவிட்டு, எது ஒரு நிமிடம் குறைத்துக் காட்டுகிறதோ அதைப் பின்பற்றுவார். குரல் இருக்கும்போது பார்ப்பது எதற்கு என்பது இதைவிட வலுவான கேள்வி. தமிழிலேயே வழி சொல்கிறது. காதில் கேட்டால் போதும். ஆனால் கத்திப்பாராவில் குரல் மட்டும் போதாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மேம்பாலத்தில் ஏறியிருக்கிறோமா, அதையொட்டிக் கீழே போகிறோமா என்பதில் ஜி.பி.எஸ்ஸே சில சமயம் குழம்பும். இடது என்று குரல் சொல்லும்போது அங்கே இரண்டு இடது இருக்கும். அதற்குத் தேவை சந்திப்புக்கு முன்பே ஒரு சின்னப் பார்வை. ஹோல்டர்காரரோ இளையராஜா பாட்டு கெடுகிறது என்று குரலை அணைத்துவிட்டு, சந்திப்பின் நடுவில் இரண்டு விரலால் மேப்பைப் பெரிதாக்குவார். டீக்கடையில் கேட்டால் ஆகாதா என்கிற பெரியவர்களின் கட்சியும் உண்டு. கிராமத்தில் அதற்கு நிகர் கிடையாது. ஆறுவழிச் சாலையில் டீக்கடைக்காரர் கைகாட்டும்போது எக்ஸிட் பின்னால் போயிருக்கும்.

எளிய தீர்ப்பைத் தேட வேண்டியதில்லை. நாள் முழுக்க இதே வேலையாக இருக்கும் கால் டாக்சி டிரைவரின் காரில் அது இருக்கிறது. ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம் கைக்கெட்டும் தூரத்தில் விலை குறைந்த ஒரு ஹோல்டர், சாக்கெட்டிலிருந்து குட்டையான ஒரு வயர், ஏறும்போதே போட்டுவிட்ட முகவரி, அணைக்காத குரல். சவாரிக்கு நடுவே ஆர்டர் வந்து ஒலிக்கிற தொல்லை அவருக்கும் உண்டு. ஆனால் ஹோல்டர் எங்கே இருக்கலாம் என்ற யோசனை கிடையாது. வண்டி அவருக்குப் பிழைப்பு. கண் ரோட்டில் இருக்க வேண்டும் என்பது கட்டாயம். ஆகவே ஹோல்டர்காரருக்குச் சொல்லக்கூடியது ஒன்றுதான். இடம் பார்க்கும்போது ஃபோனைக் கையில் எடுக்காதீர்கள். பெல்ட்டைப் போட்டு, இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்து, எதிரே ரோட்டைப் பாருங்கள். தலை அசையாமல் கண் எட்டுகிற, ரோடு மறையாத, ஏர்பேக் விரியாத, வயர் குறுக்கே வராத இடம் எதுவோ அதுவே. அநேகமாக அது நடுவில், உங்கள் பங்குக் காற்று வருகிற வென்ட்டாகத்தான் இருக்கும். அங்கே மாட்டிய பிறகு நீங்கள் கொஞ்சம் வேர்த்துக்கொண்டே ஓட்டலாம். வழி தப்பினால் அடுத்த யூ டர்னில் திரும்பலாம். இரண்டுக்குமே ஒர்க்‌ஷாப்பில் பில் வராது.