தண்டனை இடமாற்றம், கடற்காட்சியுடன்

யாழ்ப்பாணத்தில் ஒரு காலம் அரசாங்க உத்தியோகத்தரை அடக்குவதற்கு மேலதிகாரி குரலை உயர்த்தத் தேவையில்லை. "நெடுந்தீவுக்கு மாத்திப்போடுவன்" என்றால் காரியம் முடிந்தது. மாற்றக் கடிதம் வந்த வாத்தியார்மார் எம்.பி. வீட்டு விறாந்தையில் காத்துக் கிடந்தார்கள். இல்லாத நெஞ்சுநோவுக்கு மருத்துவச் சான்றிதழ் எடுத்தார்கள். நல்லூரானுக்கு நேர்த்தி வைத்தார்கள். இன்றைக்கு அதே நெடுந்தீவுக்குப் போவதற்கு லண்டனில் இருந்தும் கொழும்பில் இருந்தும் வந்தவர்கள் விடியப்புறம் எழும்பி, தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகக் குறிகட்டுவான் இறங்குதுறையில் வரிசையில் நிற்கிறார்கள். தண்டனை அதேதான். தண்டிக்கப்படுகிறவர் இப்போது காசு கட்டுகிறார்.

நான் புங்குடுதீவான். பட்டணத்துப் பள்ளிக்கூடத்துக்குப் படிக்கப் போனபோது பெயரைக் கேட்க முதல் ஊரைக் கேட்டார்கள். ஊரைச் சொன்னபிறகு பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை. "டேய் தீவான்" என்பதே பெயராயிற்று. கலியாணப் பேச்சிலும் இதே கதை. "பெடியன் நல்லவன், படிப்பிருக்கு, கொழும்பிலை கடையும் இருக்கு. ஆனால் தீவுப்பகுதி" என்பார் தரகர். அந்த 'ஆனால்' வந்ததும் வெற்றிலையைத் துப்ப எழும்பிவிடுவார். எங்கள் ஆட்கள் கொழும்பிலும் சிங்கள ஊர்களிலும் கடை வைத்துச் சம்பாதித்த காசு பட்டணத்தில் செல்லுபடியாகும், ஆள் செல்லுபடியாகமாட்டார். இந்த விசயத்தில் ஒல்லாந்தர் பரவாயில்லை. நெடுந்தீவுக்கு டெல்ஃப்ற் என்றும், வேலணைக்கு லைடன் என்றும், காரைநகருக்கு அம்ஸ்ரடாம் என்றும் தங்கள் நாட்டின் பெரிய பட்டணங்களின் பெயரை வைத்துவிட்டுப் போனார்கள். அம்ஸ்ரடாமில் பெண் எடுத்தோம் என்று பெருமைப்பட மட்டும் எங்கள் யாழ்ப்பாணத்தாருக்குத் தோன்றவில்லை.

அந்த நாளில் கடற்கரைக்கு ஆட்கள் போனது வேலைக்கு. கருவாடு காயும், தென்னம்மட்டை ஊறும், வலை பொத்துவார்கள். விடியமுதல் போனால் ஊர் ஆம்பிளையள் ஆளுக்கொரு தாழம்பற்றையைப் பிடித்துக்கொண்டு குந்தியிருப்பார்கள். இன்றைய விளம்பரப் படங்களில் அந்தக் காட்சியைக் காணவில்லை. ஒரு வேலையும் இல்லாமல் கடலைப் பார்த்துக்கொண்டு இருப்பவனுக்கு ஊர் இரண்டு காரணம்தான் வைத்திருந்தது: காதல், இல்லாவிட்டால் கடன்.

வெயிலோ எதிரி. "வெயிலுக்கை நிக்காதை, கறுத்துப்போவாய்" என்று அம்மா நாள் முழுக்கக் கத்துவா. காரைநகர் கசூரினாக் கடற்கரையில் ஒரு வெள்ளைக்காரச் சோடி எண்ணெய் பூசிக்கொண்டு, ஒரு பக்கம் காய்ந்ததும் மறுபக்கம் புரண்டு படுத்ததைப் பார்த்தேன். அம்மா பாயில் ஒடியலைத் திருப்பிப் போடுவதும் இப்படித்தான். கடற்குளிப்புக்கும் ஒரு கணக்கு இருந்தது. தகப்பனை இழந்தவர்கள் ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக்குப் போய் முழுகுவார்கள். சும்மா பொழுதுபோக்குக்கு இறங்கினால், "உப்புத் தண்ணியிலை ஊறிப்போட்டு வந்தால் நல்லதண்ணி ஆர் அள்ளித் தாறது?" என்று கேட்பார்கள். நல்லதண்ணிக் கிணறு ஊருக்கு அங்காலே இருந்தது. குடம் சுமந்தவர்கள் பெண்கள், கேள்வி நியாயமானது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கசூரினாவுக்கு வான் வானாகச் சனம் வருகிறது. தென்னிலங்கைச் சிங்களக் குடும்பங்கள், ரியூசன் பெடியள், சுவிசில் இருந்து வந்த மச்சாள்மார். பொன்னாலைத் தாம்போதியைக் கடந்ததுமே பாட்டு தொடங்கிவிடும். நல்ல கடல்தான். கனதூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்பைத் தாண்டாது, அலையும் பெரிதில்லை, பிள்ளைகளை நம்பி இறக்கலாம். சவுக்கங்காற்றுக்கு ஒரு குறையும் சொல்லமாட்டேன். சவுக்கு மரத்தடியில் கிடக்கும் போத்தல் ஓடுகளுக்குச் சொல்வேன்.

காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் நடுவே, கடலுக்குள் நிற்கும் ஹம்மன்ஹீல் கோட்டையின் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. போர்த்துக்கீசர் கட்ட, 1658இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். பின்னால் அது சிறை. 1971 கிளர்ச்சியில் பிடிபட்ட ஜே.வி.பி. இளைஞர்களை அங்கே அடைத்து வைத்தார்கள். நீந்தித் தப்ப முடியாத இடம் என்பது அன்றைக்கு அதன் தகுதி. இன்றைக்கு அதே கோட்டையில் கடற்படை நடத்தும் உல்லாச விடுதி இருக்கிறது. நாலு பக்கமும் கடல், ஒருவரும் தொந்தரவு செய்யமாட்டார்கள் என்பது இன்றைய தகுதி. சுவரும் மாறவில்லை, கடலும் மாறவில்லை.

ரொறொன்ரோவில் இருக்கும் என் மருமகன் பனிக்காலம் வந்தால் பெண்சாதி பிள்ளைகளோடு டொமினிக்கனுக்குப் பறந்துவிடுவான். கையில் ஒரு பட்டியைக் கட்டிவிட்டால் சாப்பாட்டுக்கும் குடிக்கும் கணக்கில்லையாம். தகப்பன் புங்குடுதீவு, தாய் அனலைதீவு. பிள்ளைகள் தீவு என்றால் கரீபியன் என்று நினைத்துக்கொண்டு வளர்கின்றன. போன வருசம் ரெலிபோனில் கேட்டான்: "மாமா, எங்கடை ஊரிலை பிரைவேற் பீச் ஏதும் இருக்கோ?"

"எல்லாம் பிரைவேற்தான் தம்பி. ஆக்கள் இல்லை" என்றேன்.

அவன் சிரித்தான். நான் பகிடி விடவில்லை. 1990களின் தொடக்கத்தில் தீவுப்பகுதியைப் படையினர் பிடித்தபோது, கிடைத்த வள்ளத்தில் ஏறினோம். சிலர் பட்டணத்துக்கு, சிலர் வன்னிக்கு, சிலர் தமிழகத்துக்கு, கடைசியில் பெரும்பகுதி ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும். இன்று புங்குடுதீவு றோட்டால் போனால் கூரை போன நாற்சார் வீடுகளின் நடுமுற்றத்தில் ஆலமரம் நிற்கிறது. பயண இணையத்தளங்கள் இதைக் கைபடாத அமைதி என்று எழுதுகின்றன. அந்த இடத்தில் கை படாத கல் ஒன்றுமில்லை. கையை உடையவர்கள்தான் ஸ்காபரோவில் இருக்கிறார்கள்.

நெடுந்தீவிலும் படம் பிடிக்க நிறைய உண்டு. ஐம்பது சதுர கிலோமீற்றர் அளவு நிலம், சுண்ணாம்புச் சாந்து இல்லாமல் பவளக்கல்லை அடுக்கிய வேலிகள், ஐரோப்பியர் விட்டுப்போன குதிரைகளின் வாரிசுகள், ஆபிரிக்காவில் இருந்து வந்த பெருக்கமரம். அதன் பொந்துக்குள் நின்று படம் எடுக்காமல் யாரும் திரும்புவதில்லை. போகும் வழியில் படகின் பெயரை மட்டும் கவனிப்பவர் குறைவு. 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் போன பயணிகள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அதில் குழந்தைகளும் இருந்தார்கள். அதன் பிறகும் குமுதினி ஓடியது. தீவாருக்கு அப்போது வேறு படகு இருக்கவில்லை. சோளகம் எழும்பிய கடலில், எஞ்சின் சத்தத்துக்கு மேலால் சிவபுராணம் சொல்லிக்கொண்டு அந்த ஒரு மணித்தியாலத்தைக் கடந்த கிழவிகளிடம் 'ரிலாக்ஸ்' என்று யாராவது சொல்லியிருந்தால் வெற்றிலைத் தட்டத்தால் வாங்கியிருப்பார்.

எங்கள் மதிப்பு கூடிய விதத்தையும் சொல்லவேண்டும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றிலும் காற்றிலும் வெயிலிலும் மின்சாரம் எடுக்கும் திட்டத்தை 2021இல் கொழும்பு அமைச்சரவை ஒரு சீன நிறுவனத்துக்குக் கொடுத்தது. பக்கத்தில் சீனமா என்று இந்தியா முகம் சுளித்தது. சீனம் விலகியது, 2022இல் இந்தியா தானே செய்து தருவதாக ஒப்பந்தம் போட்டது. பட்டணத்துத் தரகர் துப்பிவிட்டு எழும்பிய இடத்துக்கு இரண்டு வல்லரசுகள் சம்பந்தம் பேசின. தரகர் உயிரோடு இருந்திருக்கலாம்.

ஆகவே வாங்கோ. தை பிறந்து சித்திரைக்குள் வந்தால் கடலும் ஓரளவு சாந்தமாக இருக்கும். நயினை நாகபூசணி அம்மனையும் கும்பிடலாம், பக்கத்திலேயே நாகவிகாரையையும் பார்க்கலாம். ஒரு கேள்வியை மட்டும் விடுதிக்காரரிடம் அறைக்குள் போகமுதல் கேளுங்கோ: இந்தக் குளியலறைத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? தீவுகளின் சுண்ணக்கல்லுக்குள், உப்புநீரின் மேல் மெல்லிய படையாக மழைநீர் மிதந்துகொண்டிருக்கிறது; கிணறு என்று நாங்கள் அள்ளுவது அதைத்தான். மோட்டார் போட்டு அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியில் இருக்கும் உப்பு மேலே ஏறிவிடும். கடலில் எவ்வளவும் குளியுங்கோ. கரையேறிய பிறகு ஒரு வாளி நல்லதண்ணியோடு நிற்பாட்டுங்கோ. மற்ற வாளி, போகாமல் அங்கேயே இருந்தவர்கள் குடிக்கிற தண்ணீர்.